மூன்று பேருக்கு விட்ட வீடு

எங்கள் பக்கத்தில் வீடு என்றால் அது பெண்ணுடையது. ஆண்பிள்ளை கலியாணம் முடித்ததும் ஒரு சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு பெண்சாதியின் வீட்டுக்குப் போய்ச் சேருவான். பிறகு ஆயுள் முழுக்க அங்கேதான். நானும் அப்படி ஒரு சூட்கேஸோடு கல்முனைக்கு வந்தவன். சந்தை வீதியில் எனக்கு ஒரு ஹாட்வெயார் கடை. ஊரில் பாதி வீடுகளின் பூட்டும் கொண்டியும் என் கடையில் வாங்கியவைதான், ஆனால் என் பெயரில் ஒரு கதவுகூடக் கிடையாது. அதில் எனக்குப் பெரிய மனக்குறை இருந்ததில்லை. இருந்தாலும் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், முன்பின் தெரியாத ஒருவர் கடைக்கு வந்து "ஊட்டுக்காரர் நீங்கதானா?" என்று கேட்டபோது நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன்.

நான் வீட்டுக்காரன் ஆன கதை இதுதான். எங்களுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவளுக்கென்று எங்கள் வளவுக்குள்ளேயே, கடற்கரைப் பக்கமாக, ஒரு வீடு கட்டி முடித்திருந்தேன். அவள் அப்போது ஆசிரியர் கலாசாலையில் படித்துக்கொண்டிருந்தாள், மாப்பிள்ளை இன்னும் அமையவில்லை. கடல் காற்றில் பூட்டிக் கிடக்கும் வீடு சீக்கிரம் பழுதாகும். நான் பார்த்துப் பார்த்துப் போட்ட யன்னல் கம்பிகள் என் கண் முன்னாலேயே துருப்பிடிக்கத் தொடங்கின. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க ஹாட்வெயார்காரனால் முடியுமா? வாடகைக்கு விடுவோம் என்று மனைவியிடம் சொன்னேன்.

"உடுங்க. ஆனா மகளுக்கு ஒரு இடம் சரிவந்தா அண்டைக்கே ஊடு வெறுமையா இரிக்கணும். ஆக்களப் பாத்து எடுங்க. கண்டவன் நிண்டவன எல்லாம் கூட்டி வந்திராதீங்க."

ஆட்களைப் பார்த்து எடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பது அப்போது என் எண்ணம். ஒரு மனிதனைப் பற்றி அறிய அவனிடம் கதைக்கவே தேவையில்லை, அவனை ஒரு கதவைச் சாத்தச் சொன்னால் போதும் என்று நான் நம்பியிருந்தேன். அடித்துச் சாத்துகிறவன் வாடகையையும் அடித்துப் பிடித்துத்தான் தருவான். பாதி சாத்திவிட்டுப் போகிறவன் எதையும் முழுதாகச் செய்யமாட்டான். இதை நான் கடையில் வருகிறவர்களிடமெல்லாம் விளக்கிச் சொல்வேன். அவர்களும் ஆணி வாங்கியாக வேண்டும் என்பதால் கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

முதலில் வந்தவர்கள் ஒரு கம்பனியில் வேலை செய்யும் கலியாணம் முடிக்காத பெடியன்கள். அவர்களுக்குக் கதவுப் பரீட்சை வைக்கவே வாய்ப்புக் கிடைக்கவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் வாசல் படலையடியில் கேட்டதுமே என் மனைவி குசினிக்குள் இருந்து "இல்லையெண்டு சொல்லுங்க" என்றாள்.

அடுத்தவர் ஒரு டியூஷன் மாஸ்டர். நல்ல மனிதர், மனைவியையும் கூட்டி வந்திருந்தார், கதவைப் பக்குவமாகச் சாத்தினார். ஆனால் குசினி எங்கே, கிணறு எங்கே என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஹோலை மட்டும் காலால் அளந்தார். எதற்கு என்று கேட்டேன். "சும்மா" என்றார். என் புது விறாந்தையில் ஊர்ப் பிள்ளைகளின் செருப்பெல்லாம் குவிந்து கிடப்பதை நான் அப்போதே கண்டுவிட்டேன்.

மூன்றாமவர் உள்ளூர்க்காரர், மனைவியும் உள்ளூர். அப்படி ஒருவர் வாடகை வீடு தேடி வந்தால் எங்கள் ஊரில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். கேட்டேன்.

"பொஞ்சாதிக்கு ஊடு இல்லையா தம்பி?"

"இரிக்கி காக்கா. மாமியோட இப்ப கதைபேச்சு இல்ல."

இன்றைக்குப் பெண்சாதியின் உம்மாவோடு கோபித்தவர் நாளைக்கு என்னோடு கோபிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவரையும் அனுப்பிவிட்டேன்.

கடைசியாக வந்தவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். பொத்துவில் ஆள், கல்முனைக்கு மாற்றலாகி வந்தவர். அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். மனைவிக்குப் பொத்துவிலில் நல்ல வீடு இருக்கிறது, வேலை இங்கே என்பதால்தான் வாடகை வீடு என்றார். ஒரு குறையும் சொல்ல முடியாத பதில்.

"எத்தின பேர்?"

"நானும் பொஞ்சாதியும் கைப்புள்ளையும். மூணு பேர்தான் காக்கா."

கதவைச் சாத்தச் சொன்னேன். அவர் சாத்திய விதத்தை என்னால் மறக்க முடியாது. ஒரு சின்னச் சத்தம் வரவில்லை. திறந்து மறுபடியும் சாத்தினார். பிறகு பின்கதவுக்குப் போய் அதையும் அப்படியே சாத்திப் பார்த்துவிட்டு, "இது ரெண்டும் எப்பவும் இப்படித்தானா? சத்தமே போடாதா?" என்று கேட்டார். நான் உருகிப்போனேன். கதவையும் நிலையையும் சேர்ப்பது பித்தளைப் பிணைச்சல், கொழும்பில் இருந்து எடுப்பித்தது என்று விளக்கினேன். ஒரு மனிதர் என் பிணைச்சலை மதித்தார் என்ற சந்தோஷத்தில் வேறு எதையும் விசாரிக்கவில்லை. அது வீட்டை விட்டு மாமிக்குத் தெரியாமல் வெளியே போய்ப் பழகிய மனிதரின் கேள்வி என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அந்த நாட்களில் யார் வீட்டில் யார் தங்கியிருக்கிறார்கள் என்று கிராம அதிகாரியான விதானைக்குச் சொல்லிவைக்க வேண்டும். மூன்று பேர் என்று சொன்னேன். மூன்று பேர் இருந்தது கொஞ்சக் காலம்தான்.

நோன்புப் பெருநாள் நெருங்கும்போது ஒரு பின்னேரம் பொத்துவில் பஸ் எங்கள் ஒழுங்கை முனையில் நின்றது. அதிலிருந்து ஒரு பெரிய அண்டா இறங்கியது. பிறகு ஒரு கோழிக்கூடு, கோழிகளோடு. பிறகு ஒரு சாக்கு அரிசி. எல்லாவற்றுக்கும் பின்னால் டைம்கீப்பரின் மாமி இறங்கினார். டைம்கீப்பருக்கு மட்டுமல்ல, அன்றிலிருந்து எங்கள் எல்லாருக்கும் அவர் பொத்துவில் மாமிதான். "பேரப்புள்ளையப் பாத்திட்டுப் போக வந்தன் மனே" என்று என்னிடம் சொன்னார். பிள்ளையைப் பார்க்க வருகிறவர் அண்டாவோடு ஏன் வருகிறார் என்று யோசிக்கும் அளவுக்கு எனக்கு மூளை இருந்தது. கேட்கும் அளவுக்குத் துணிவு இருக்கவில்லை.

பெருநாள் கழிந்து மாமியின் தம்பி வந்தார், பெரிய சூட்கேஸோடு. சவூதிக்குப் போக விசாவுக்குக் காத்திருக்கிறாராம். ஏஜென்சிக்காரன் எந்த நேரமும் கூப்பிடுவான் என்பதால் சூட்கேஸை அவர் அவிழ்ப்பதில்லை. விறாந்தையில் அதை வைத்து அதன்மேல் தலைசாய்த்துப் படுத்திருப்பார். சவூதி மண்ணை மிதிக்காத அவரை எங்கள் வீட்டில் 'சவூதி மாமா' என்று அழைத்தோம். ஏஜென்சிக்காரன் கூப்பிடவேயில்லை.

"மூணு பேருக்குத்தானே ஊட்ட உட்ட?" என்றாள் என் மனைவி. "போய்ச் சொல்லுங்க."

போனேன். வெளியில் நின்றே சொல்லிவிட்டு வருவதாகத்தான் திட்டம். "உள்ளுக்கு வாங்க மனே, வாசல்ல நிண்டு கதைக்கிறதா" என்றார் மாமி. உள்ளே போனேன். கணவாய்க் கறியின் வாசம் வந்தது. அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. சோறு தின்ற வீட்டில் நின்று "எழும்புங்க" என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு நாக்கு வராது. வீட்டுக்குத் திரும்பியபோது என் மனைவி படியில் நின்றாள்.

"சொன்னீங்களா?"

"அந்தக் கணவாய்க்கு என்ன போட்டு ஆக்கியிருப்பாங்க?" என்று கேட்டேன். அன்று பின்னேரத் தேத்தண்ணி எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த முறை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனேன். மாமி என்னைப் பார்த்த பார்வையிலேயே அது அவருக்கு விளங்கிவிட்டது. சோற்றுப் பேச்சே எடுக்கவில்லை, வட்டிலப்பம் கொண்டுவந்தார். வட்டிலப்பத்துக்கு வயிற்றில் தனி இடம் இருக்கிறது என்பது யாருக்குத்தான் தெரியாது?

பிறகு விதானையைப் பிடித்தேன். மூன்று பேர் என்று சொன்ன வீட்டில் வேறு ஆட்களும் இருக்கிறார்கள், சட்டப்படி வந்து கேளுங்கள் என்றேன். அவர் சைக்கிளில் விறைப்பாகத்தான் வந்தார். திரும்பிப் போகும்போது ஹாண்டிலில் ஒரு பார்சல் தொங்கியது. "பாவம் ஹாஜியார், வயசான மனிசி" என்று சொல்லிவிட்டு மிதித்தார். நான் ஹஜ்ஜுக்குப் போனவன் இல்லை. குற்றம் செய்த மனிதர் மரியாதையைக் கூட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

கடைசியில் என் மனைவியே முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். சண்டைச் சத்தம் வருமென்று நானும் பிள்ளைகளும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம். நெடுநேரம் கழித்து, மூடிய கோப்பை ஒன்றோடு திரும்பி வந்தாள். நேரே குசினிக்குள் போனாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் கோப்பையில் எனக்குப் பங்கு கிடைக்காது.

இதில் பெரிய வேடிக்கை டைம்கீப்பர்தான். ஒரு நாள் கடைக்கு வந்தார். ஆமைப் பூட்டு ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"காக்கா, நீங்கதான் கொஞ்சம் கடுமையாச் சொல்லணும். நான் சொல்ல ஏலாது."

"உங்கட மாமி, நீங்க சொல்லாம?"

"நான் மாத்தம் கேட்டு வந்ததே எதுக்கெண்டு நினைச்சீங்க?"

அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. டிப்போவில் எத்தனையோ பஸ்களை இந்த நேரத்துக்குப் போ என்று அனுப்புகிறவர், ஒரு மாமியை அனுப்ப வழியில்லாமல் என் கடையில் பூட்டைத் தடவிக்கொண்டு நின்றார்.

இப்படியே போயிருந்தால் நாங்களும் வேளைக்கு வேளை கோப்பை வாங்கிக்கொண்டு இருந்திருப்போம். ஆனால் மூத்தவளுக்கு ஓர் இடம் வந்தது. மாப்பிள்ளை சம்மாந்துறை, நீர்ப்பாசன வேலையில் இருக்கிறவர். நல்ல குடும்பம். மகளுக்கும் விருப்பம் என்பதை அவள் சாப்பாட்டு மேசையில் தலையைக் குனிந்த விதத்திலேயே கண்டுகொண்டேன். மாப்பிள்ளையின் உம்மா வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பார்ப்பது பிறகுதான். முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். அதுவும் யாருக்கும் தெரியக்கூடாது. சரிவராமல் போனால் பெண்ணின் பெயர் ஊர் வாயில் விழுந்துவிடும். அதனால் வருகிறவர்கள் "சும்மா வந்தம்" என்பார்கள், இருப்பவர்களும் "சும்மா வந்தாங்க" என்பார்கள்.

என் மனைவிக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஒரு குடும்பமும் கோழிகளும் ஒரு விசாக்காரரும் நிறைந்த வீட்டைப் பார்த்தால் அந்த மனிசி என்ன நினைப்பார்? கட்டின வீட்டை மகளுக்கு வெறுமையாகக் கொடுக்க வக்கில்லாதவர்கள் என்றுதானே? "இந்த இடம் தவறிச்செண்டா உங்கள நான் மன்னிக்க மாட்டன்" என்று என்னிடம் சொன்னாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்கும் உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது.

டைம்கீப்பரும் நானும் கடையின் பின்பக்கம் சிமெந்துப் பைகளுக்கு நடுவில் நின்று சதி செய்தோம். பொத்துவிலில் இருக்கும் இரண்டாவது மகளுக்குக் காய்ச்சல் என்று சொல்லி, அஸருக்குக் கொஞ்சம் முந்திப் போகும் பஸ்ஸில் மாமியையும் தம்பியையும் ஏற்றிவிடுவது. டைம்கீப்பர் தானே ஆசனம் பிடித்துக் கொடுத்து ஏற்றிவிட்டார். சவூதி மாமா சூட்கேஸோடு ஏறினார்; அவருக்குக் கட்டுவதற்கு வேலையே இருக்கவில்லை. டைம்கீப்பரின் மனைவியையும் பிள்ளையையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டோம். கோழிகளை எங்கள் குளியலறைக்குள் அடைத்தோம். அண்டாவை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் அதன்மேல் ஒரு விரிப்பைப் போட்டு மேசையாக்கினேன். என் வாழ்நாளில் அவ்வளவு மும்முரமாக நான் வேலை செய்ததில்லை.

சதி காரைதீவுச் சந்தியில் உடைந்தது. எதிரே வந்து நின்ற பஸ்ஸில் மாமியின் அயல்வீட்டுக்காரி இருந்திருக்கிறாள். யன்னலுக்கு யன்னல் கதை நடந்திருக்கிறது. இரண்டாவது மகள் அன்று காலையில்தான் சந்தையில் மீன் விலைபேசிச் சண்டை பிடித்தாளாம். காய்ச்சல்காரி அப்படிச் சண்டை பிடிக்கமாட்டாள். மாமி அங்கேயே இறங்கிவிட்டார். சம்மாந்துறையில் இருந்து நெல் ஏற்றிக்கொண்டு ஒரு டிரக்டர் கல்முனைப் பக்கம் திரும்பியது. அதை மறித்து, நெல் மூட்டைகளுக்கு மேலே தம்பியோடும் சூட்கேஸோடும் ஏறி உட்கார்ந்துகொண்டார். அந்த டிரக்டரை முந்த முடியாமல் பின்னால் ஒரு வேன் ஊர்ந்து வந்ததாம். அதற்குள் இருந்தவர் மாப்பிள்ளையின் உம்மா.

எங்கள் ஒழுங்கைக்கு வேன் வந்தது, டிரக்டர் பிரதான வீதியிலேயே அவர்களை இறக்கிவிட்டது. அதனால் வேன் கொஞ்சம் முந்திக்கொண்டது. மாப்பிள்ளையின் உம்மா அதிகம் கதைக்காத, எதையும் ஒரு முறைக்கு இரண்டு முறை பார்க்கிற மனிசி. சுவரை விரல் மொழியால் தட்டினார். யன்னலைத் திறந்து மூடினார். என் மனைவி பின்னாலேயே நடந்தாள். நான் அண்டாவின் பக்கம் யாரும் போய்விடாமல் நின்றுகொண்டேன்.

அப்போது பின்கதவால் பொத்துவில் மாமி உள்ளே வந்து நின்றார். என்னுடைய பிணைச்சல், சத்தம் வரவில்லை. தலையிலும் தோளிலும் நெல் உமி. அவருக்குப் பின்னால் சூட்கேஸ்.

"ஆரு புள்ள நீங்க?" என்று கேட்டார்.

"சும்மா மாமி. ஊட்டப் பாத்திட்டுப் போக வந்தம்" என்றார் மாப்பிள்ளையின் உம்மா, முறைப்படி.

என் மனைவியால் உண்மையைச் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. மாமி என்னைப் பார்த்தார். இல்லாத காய்ச்சல், பிடித்துக் கொடுத்த ஆசனம், காணாமல்போன கோழிகள், சுவர் தட்டுகிற புது மனிசர் எல்லாவற்றையும் கூட்டிக் கணக்குப் பார்த்துவிட்டார். நாங்கள் அவரை ஏமாற்றி எழுப்பிவிட்டு வேறு ஆட்களைக் குடிவைக்கப் போகிறோம் என்று விடை வந்துவிட்டது.

"வாங்க புள்ள, நான் காட்டுறன்" என்றார். "இரிக்கிறவளுக்குத்தான் ஊட்டப் பத்தித் தெரியும்."

என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இந்த ஹோல்ல மாரிக்குத் தோணி உடலாம். ஓடு முழுக்க ஒழுக்கு" என்று தொடங்கினார். ஒரு சொட்டு ஒழுகாத கூரை அது. "கிணத்துத் தண்ணி அள்ளிச் சோறாக்கினா உப்புப் போடத் தேவல்ல. குசினிக்குள்ள புகை சுத்திச் சுத்தி நிக்கும், நான் கண் தெரியாமப் போனது இஞ்ச வந்துதான். ராவைக்குக் கடல் இரைச்சலுக்கு அடக்கின மையத்தும் எழும்பும். ஊட்டுக்காரர் வேற, சோத்து நேரம் பாத்து வருவார்."

இதுவரை நான் தாங்கிக்கொண்டேன். என் மனைவியின் பார்வையைக்கூடத் தாங்கிக்கொண்டேன். மாமி கதவைப் பிடித்து ஆட்டினார்.

"இதப் பாருங்க. சத்தமே போடாது. கள்ளன் வந்தா எப்படிப் புள்ள தெரியும்? மலிவுப் பிணைச்சல்."

"அது பித்தளை மாமி!" என்றேன். அந்த அறையில் யாரும் எதிர்பார்க்காத சத்தத்தில் சொல்லிவிட்டேன். "கொழும்பில இருந்து எடுப்பிச்சது."

மாப்பிள்ளையின் உம்மா முதல் தடவையாகச் சிரித்தமாதிரி இருந்தது. கதிரையில் உட்கார்ந்தார்.

"எப்ப வந்து இரிக்கிறீங்க மாமி?"

"பெருநாளைக்கு முந்தி."

"இவ்வளவு குறையோடயுமா இரிக்கிறீங்க?"

"ஓம்."

"இனிப் போகப் போறீங்களா?"

"நான் ஏன் போறன்?"

மாப்பிள்ளையின் உம்மா என் மனைவியின் பக்கம் திரும்பினார். "எனக்கு இது போதும் மச்சி. உப்புத் தண்ணியும் ஒழுக்குமா இரிக்கிற ஊட்ட இந்த மனிசி உடமாட்டன் எண்டு நிக்கிறாவே. மகனுக்கு ஊடு புடிச்சிப் போச்செண்டு வெச்சிக்கங்க."

"மகனுக்கா?" என்றார் பொத்துவில் மாமி.

விளங்கியதும் தலையில் கை வைத்தபடி நிலத்தில் குந்திவிட்டார். அடுத்த கணமே எழும்பி மாப்பிள்ளையின் உம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "புள்ள, நான் சொன்ன ஒண்டையும் காதுல எடுக்காதீங்க. கிணறு சீனி. கூரை ஒரு சொட்டு ஒழுகினா என்ன வந்து கேளுங்க. கடல் இரைச்சல் தாலாட்டு மாதிரி, நான் படுத்தா விடிய சுபஹுக்குத்தான் முழிப்பன்."

"தோணி உடலாம் எண்டீங்க."

"ஆர்ர தோணி? அந்தப் புள்ள இரிக்காளே, மூத்தவள், அவள்ட குணத்துக்கு ஓலைக் குடிசையா இருந்தாலும் கட்டலாம்." பிணைச்சலைப் பற்றியும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

எல்லாரும் சிரித்தோம். இரண்டு நாளாகச் சாப்பிடாத என் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் மாப்பிள்ளையின் உம்மா, நான் வாடகைக்காரர்களிடம் கேட்கிற அந்தக் கேள்வியைச் சாதாரணமாகக் கேட்டார்.

"உங்களுக்கு ஊடு இல்லையா மாமி?"

"மூணு ஊடு இருந்த" என்றார் மாமி. "மூணும் பொம்புளப் புள்ளைகள். மூத்தவள்ட ஊட்ட மருமகன் ஆருக்கோ வாடகைக்குக் குடுத்திட்டுத்தான் இஞ்ச வந்தவர். மத்தவள்ட ஊட்டுல புள்ளைகளுக்கே படுக்க இடமில்ல. கடைசிக்குக் குடுத்தது நான் இருந்த ஊடு. அவள்ட நிக்காஹ் அண்டைக்கு என்ட பாயச் சுருட்டினன்." தோளில் இருந்த நெல் உமியைத் தட்டிவிட்டு, "இன்னும் ஒரு இடத்திலயும் என்ட எண்டு விரிக்கல்ல" என்றார். அழவில்லை, குறை சொல்லும் குரலும் இல்லை. வானம் மூடியிருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

டைம்கீப்பர் வாசலில் நின்றார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. சூட்கேஸை எடுத்து உள்ளே வைத்தார், அவ்வளவுதான். பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கலியாணத்துக்கு முன்பு அவர் டிப்போவுக்குப் பின்பக்கம் வேறு வீடு எடுத்துக்கொண்டு போனார். மாமியையும் கூட்டிக்கொண்டுதான் போனார். அந்த வீட்டுக்காரரிடம் எத்தனை பேர் என்பதை முதலிலேயே சரியாகச் சொன்னதாகக் கேள்வி.

நான் பார்த்துக்கொண்டிருந்தது என் மனைவியின் முகத்தை. சிரிப்பு நின்றிருந்தது. அவள் என்ன எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. இந்த வீடு மூத்தவளுக்கு. நாங்கள் இருக்கும் வீடு, என் மனைவிக்கு அவளுடைய உம்மா கொடுத்தது, இளையவளுக்கு. அதற்குப் பிறகு? இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் கொண்டி விற்ற எனக்கு அந்தக் கேள்வி ஒரு நாளும் வந்ததில்லை. வெட்கமாக இருந்தது.

"ராத்தா, ஒரு கதை" என்றாள் என் மனைவி, மாப்பிள்ளையின் உம்மாவிடம். "ஊடு மகளுக்குத்தான். அதுல மாத்தமில்ல. ஆனா பின்னறை மட்டும் என்ட மௌத்து வரைக்கும் எனக்கு. அது இப்பயே பேச்சில இரிக்கட்டும்."

சம்பந்தம் பேசும்போது வீட்டோடு தென்னந்தோட்டத்தைக் கூட்டிக் கேட்பார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். பெண்ணின் உம்மா, கொடுக்கும் வீட்டிலிருந்து ஓர் அறையைக் கழித்துக் கேட்டதை எங்கள் ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. மகளின் கலியாணம் இந்த ஒரு வசனத்தில் போய்விட்டது என்றே நினைத்தேன். மாப்பிள்ளையின் உம்மாவுடைய தங்கச்சி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மாப்பிள்ளையின் உம்மா எழும்பினார். நேரே பின்னறைக்குப் போனார். நாங்கள் எல்லாரும் பின்னால் போனோம். யன்னலைத் திறந்தார், வெளியே பார்த்தார், மூலைக்கு மூலை நடந்தார்.

"சின்ன அறை" என்றார்.

"எனக்குப் போதும்" என்றாள் என் மனைவி.

"போதாது. கட்டில் போட்டா நடக்க இடமிரிக்காது. நிக்காஹுக்கு முந்தி இந்தச் செவர வெளியால தள்ளிக் கட்டுங்க." பிறகு தன் தங்கச்சியிடம், "நம்மட மேசன்காரனுக்கும் சொல்லணும். என்ட மகள்ட ஊட்டுலயும் அறை ஒண்டு எடுக்கணும்" என்றார்.

பெண்கள் நால்வரும் கட்டில் எந்தப் பக்கம் வரவேண்டும் என்று வாதாடத் தொடங்கினார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. தொழும் திசையான கிப்லாவுக்கு நேரே கால் நீட்டக்கூடாது, யன்னல் காற்று தலையில் பிடிக்கும், கதவு திறக்க இடம் வேண்டும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். வாயால் சொல்லி முடியாமல் பொத்துவில் மாமி வெறும் சிமெந்து நிலத்தில் தானே படுத்துக் காட்டினார்.

"இஞ்ச தலை. அங்க கால். இப்ப கதவத் திறங்க, இடிக்குதா பாப்பம்."

கதவைத் திறந்தார்கள். இடிக்கவில்லை. மாமி எழும்பவில்லை. கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, "நல்ல குளிர்மையா இரிக்கி" என்று கண்ணை மூடினார்.

படலையடியில் வேன்காரன் ஹோன் அடித்தான். கொஞ்சம் நிற்கச் சொல்லும்படி என் மனைவி என்னிடம் கையால் காட்டினாள்.